கையெழுத்துப் போடாத பக்கம்

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "இதுல நீ பார்த்தது எவ்வளவு, யாரோ சொல்லிக் கேட்டது எவ்வளவு?" என்று எங்கே இருந்தாலும் கேட்பார். அதனால் பெயரை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அச்சகம் இருந்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அடித்த காலம் அது. எண்பதுகளின் நடுவில் இருக்கும். விஞ்ஞானப் புத்தகங்கள்தான் அங்கே அதிகம். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் இல்லை. மின்சாரம் எப்படி வருகிறது, வானவில் ஏன் வளைந்திருக்கிறது, வீட்டிலேயே செய்து பார்க்க நூறு சோதனைகள், இந்த மாதிரி. ஆசைப்பட்டு வாங்கிப் படிக்கிறவர்களுக்காக முதலாளியே அடித்து முதலாளியே விற்றார்.

நான் பைண்டிங்கில் இருந்தேன். பெரிய தாளில் பதினாறு பக்கமாக அடித்து வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். பக்க எண் பார்த்து மடித்து, அடுக்கி, தைத்து, அட்டை ஒட்டுவது எங்கள் நாலு பொம்பிளைகளின் வேலை. எனக்கு எண் நன்றாகத் தெரியும். எழுத்தை அப்போது கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அதில் எனக்கு வெட்கம் ஏதும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. நான் மடித்த புத்தகத்தில் ஒரு பக்கம் தலைகீழாகப் போனது என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது.

அக்கா புரூஃப் பார்ப்பவர். கோத்த எழுத்தை முதலில் ஒரு தாளில் அழுத்தி எடுத்து அவரிடம் கொடுப்பார்கள். பிழைகளைச் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புவார். கடைசிப் புரூஃபில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின்காரர் ஃபாரத்தை மெஷினில் ஏற்றுவார். எந்த அச்சகத்திலும் அதுதான் வழக்கம். கையெழுத்து இல்லாமல் ஓட்டித் தப்பு வந்தால் பழி மெஷின்காரர் தலையில் விழும்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கிறிஸ்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆம்பிளை வாட்ச் ஒன்று கட்டியிருப்பார். எழுத்துப்பிழை பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். அவரோ எழுதியிருப்பது நடக்கிறதா என்றும் பார்ப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. புத்தகத்தில் ஒரு சோதனை இருந்தால் அதைச் செய்து பார்க்காமல் அந்தப் பக்கத்தில் கையெழுத்து விழாது.

ஒருநாள் காலையில் வந்ததும், "ஒரு முட்டை வேணும்" என்றார்.

"இன்னாக்கா, விரதம் முடிஞ்சிட்ச்சா?" என்றார் மெஷின்காரர். அவரை நாங்கள் மெஷின் அண்ணன் என்போம்.

"தண்ணியில ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டா முட்டை மிதக்கும்னு எழுதியிருக்கு. மிதக்குதான்னு பார்க்கணும்."

டீக்கடை கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, முட்டையைப் போட்டு, உப்பைப் போட்டுக் கலக்கினோம். இரண்டு ஸ்பூனுக்கு முட்டை அசையவே இல்லை. மூன்று, நான்கு. ஐந்தில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. ஆறாவது ஸ்பூனில் மேலே வந்தது. இரண்டை அடித்து ஆறு என்று எழுதி, "எந்த ஸ்பூன்னு வேற இல்லை, டீ ஸ்பூன்னு போடணும்" என்று அதையும் ஓரத்தில் சேர்த்தார். அந்த முட்டையை மெஷின் அண்ணன் மத்தியானம் அவித்துத் தின்றார். உப்பே தேவைப்படவில்லை என்று சொன்னார். அது பொய். முட்டை ஓட்டுக்குள் அவ்வளவு சீக்கிரம் உப்பு இறங்காது என்று அக்கா சொன்னார். சொன்னதோடு விட்டாரா? மறுநாள் இன்னொரு முட்டை வாங்கி வந்துவிட்டார்.

ரயில் கதை இன்னும் மோசம். ஓடுகிற ரயிலில் ஒரு பொருளை நேராக மேலே எறிந்தால் அது பின்னால் போய் விழாது, திரும்பக் கைக்கே வரும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. காகிதம் வாங்க நானும் அக்காவும் பாரிமுனைக்குப் போனபோது, தாம்பரத்தில் லேடீஸ் பெட்டியில் ஏறினோம். வண்டி வேகம் எடுத்ததும் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேலே எறிந்து பிடித்தார். திரும்ப எறிந்தார், பிடித்தார். "ஆறு, ஏழு" என்று எண்ணிக்கொண்டு வேறு இருந்தார்.

எதிரே கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாம்மா இது, பட்டப்பகல்ல எலுமிச்சம்பயத்த வச்சிகினு? செய்வினையா?"

"இல்லம்மா. புத்தகத்துல போட்டிருக்கு, சரியான்னு பார்க்கிறேன்."

"அந்தப் புக்கெல்லாம் வேற வச்சிகினு கீறியா?"

பெட்டியில் பாதிப் பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கு நல்ல இடம் கிடைத்தது. குரோம்பேட்டை வரும்போது வண்டி பிரேக் போட்டது. அப்போது மேலே போன பழம் கைக்கு வரவில்லை, முன்பக்கமாகப் போய்க் கருவாட்டுக் கூடையில் விழுந்தது. அந்த அம்மா போட்ட கூச்சலில் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்காவுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். "பார்த்தியா? வண்டி ஒரே வேகத்துல போனாத்தான் கைக்கு வரும். அதை எழுதவே இல்லை" என்றார். அந்த வரி புத்தகத்தில் ஏறியது. எலுமிச்சம்பழத்தைத் திருப்பி வாங்க முடியவில்லை.

இதையெல்லாம் சொன்னால் அவர் தமாஷான ஆள் என்று தோன்றும். கூட இருந்தால் அப்படித் தோன்றாது. எங்கள் அம்மா மாங்காயை அரிசிக்குள் புதைத்துப் பழுக்க வைப்பாள், அரிசிச் சூட்டில் பழுக்கும் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த நாள் இரண்டு மாங்காயோடு வந்தார். ஒன்றை அரிசி டப்பாவில் வைத்தார். இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றி வெறும் டப்பாவில் மூடி வைத்தார். இரண்டும் ஒரே நாளில் பழுத்தன. நாலு பேர் முன்னால் இரண்டையும் அறுத்து எனக்குத் தின்னக் கொடுத்தார்.

"எங்கம்மா பொய் சொல்லிச்சுன்றியா?" என்றேன். எனக்கு ஆத்திரம்.

"பழுக்கும்னு சொன்னாங்க, பழுத்துதே. சூட்டுல பழுக்குதுன்னதுதான் சரியில்லை. மாங்காய்லேருந்து வர்ற ஆவி வெளியே போகாம மூடி இருந்தாப் போதும்."

செத்துப்போன தாயை அரிசி டப்பாவில் வைத்துச் சோதித்த மாதிரி இருந்தது எனக்கு. நாலு நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஐந்தாம் நாள் நானே போய்ப் பேசினேன். அந்தப் பழம் இனிப்பாக இருந்ததையும் சொல்ல வேண்டும்.

இப்போது மெழுகுவத்திக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் எங்கள் முதலாளிக்கு வரிசையாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். நன்றாக விற்றன. இன்னும் ஆறு தருவதாகச் சொல்லியிருந்தார். புதுப் புத்தகத்துக்குச் சனிக்கிழமை வெளியீட்டு விழா. செவ்வாய்க்கிழமை ஐந்தாம் ஃபாரம் கடைசிப் புரூஃப் வந்தது. எழுபத்தோராம் பக்கத்தில் ஒரு சோதனை. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, அதன்மேல் பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும். மெழுகுவத்தி அணையும், பாட்டிலுக்குள் தண்ணீர் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, அது எரிந்து தீர்ந்துவிடுகிறது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று எழுதியிருந்தார்.

அக்கா ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, நான் காய்ச்சிய மைதா பசையில் காகிதக் கீற்று ஒட்டி, ஐந்து சமபங்காகப் பிரித்தார். தண்ணீரில் சிவப்பு மை கலந்தார். ஒரு மெழுகுவத்தி வைத்துக் கவிழ்த்தார்.

"நீ பாரு. நினைச்சதைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல்லு" என்றார் என்னிடம்.

பார்த்தேன். கவிழ்த்ததும் பாட்டில் விளிம்பில் குமிழ் விட்டது, கொதிக்கிற சோற்றுப் பானை மூடி மாதிரி. சுடர் எரிகிறவரைக்கும் தண்ணீர் பெரிதாக ஏறவில்லை. சுடர் அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறியது. ஐந்தில் ஒரு பங்குக் கோட்டைத் தொடவில்லை. பிறகு மூன்று மெழுகுவத்தி வைத்துக் கவிழ்த்தார். அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போய்விட்டது.

"அதே பாட்டில். அதே காத்து. மூணு வச்சா மட்டும் பிராணவாயு எப்படி அதிகமாகும்?" என்றார் அக்கா. தனக்குத்தானே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் பேராசிரியரே வந்துவிட்டார். முதலாளி பக்கத்தில் நின்றார்.

"இது ஐம்பது வருஷமா எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற சோதனை அம்மா" என்றார் பேராசிரியர்.

"இருக்குங்க சார். தண்ணியும் ஏறுது. ஆனா காரணம் இது இல்லை. சூட்டுல காத்து விரிஞ்சு குமிழா வெளியே போயிடுது. அணைஞ்சு ஆறினதும் உள்ளே இருக்கிறது சுருங்குது. அந்த இடத்துக்குத் தண்ணி ஏறுது. அஞ்சு நிமிஷம் இருங்க, காட்டறேன்."

"நீங்கள் எழுத்துப்பிழை பாருங்கள். விஞ்ஞானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களோடு வேறு யார் பார்த்தது இதை?"

"நான் பார்த்தேன் சார்" என்றேன்.

என் கையிலிருந்த பசையைப் பார்த்தார். "பிராணவாயு என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். தண்ணி எப்ப ஏறிச்சுன்னு தெரியும். வத்தி அணைஞ்சப்புறம்தான் ஏறிச்சு. எரியறதாலே ஏறுதுன்னா எரியறப்பவே ஏறணும் இல்ல?"

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அக்காவிடம், "கையெழுத்தைப் போடும்மா. இல்லாட்டி நாளையிலேருந்து வராதே. சாருடைய ஆறு புத்தகம் வெளியே போனா நான் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறது?" என்றார்.

அக்கா உட்கார்ந்தார். புரூஃபில் அந்த வரிகளைச் சிவப்பாக அடித்தார். சூடுதான் காரணம், ஒரு மெழுகுவத்தி வைத்தும் மூன்று வைத்தும் செய்து பாருங்கள் என்று ஓரத்தில் தன் வரிகளை எழுதினார். அதற்குக் கீழே, "இப்படி மாற்றினால் அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி அந்தப் புரூஃபைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கச் சொன்னார்.

"அவங்க கையெழுத்து இல்லாம நான் ஏத்த மாட்டேன் முதலாளி" என்றார் மெஷின் அண்ணன்.

"நான் போடறேன் கையெழுத்து. நான் முதலாளிதானே?"

போட்டார். மெஷின் ஓடியது. ஆயிரம் தாள் என் மேஜைக்கு வந்தது. எழுபத்தோராம் பக்கம் ஆயிரம் தரம் என் கையில் மடிந்தது. வேலையை விட்டுவிட்டுப் போகலாமா என்று நானும் நினைத்தேன். வீட்டில் மூன்று பிள்ளைகள். போகவில்லை. அதை மறைத்து எழுத மாட்டேன்.

ஆனால் கூடையில் கிடந்த தாளை எடுத்து நீவி வைத்திருந்தேன். புத்தகம் அடித்து முடிந்தபின் கண்ணில் படுகிற பிழைகளுக்கு ஒரு சின்னச் சீட்டு அடித்து முதல் பக்கத்தில் ஒட்டுவோம். "பிழை திருத்தம்" என்று இருக்கும். அதை ஒருவரும் படிப்பதில்லை. முதலாளியும் படித்ததில்லை. அக்கா ஓரத்தில் எழுதிய வரிகளை, எழுத்துக் கோக்கிற கம்போசிட்டர் சாப்பாட்டு நேரத்தில் கோத்தார். மெஷின் அண்ணன் காகித வெட்டுத் துண்டில் சின்ன மெஷினில் அடித்தார். நாங்கள் நாலு பேரும் ஒட்டினோம். முதலாளி நடுவில் வந்து பார்த்தார்.

"இன்னா அது?"

"பிழை திருத்தங்க."

"சரி, கோணலா ஒட்டாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை விழா நடந்தது. மாலை போட்டார்கள். ஒருவரும் சீட்டைப் படிக்கவில்லை. அக்கா வீட்டில் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். சீட்டைக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "எழுபத்தொண்ணுதானே பக்கம்? சரியாப் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். டியூஷனுக்குப் பிள்ளைகள் வருவார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு தையல்கார அம்மா, எங்கேயோ ஒரு ரயில்வே ஊழியர், ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ். எல்லோரும் பேராசிரியருக்குத்தான் எழுதியிருந்தார்கள். புத்தகத்தில் எழுதியதைத் தாமே தவறு என்று சீட்டுப் போட்டுச் சொன்ன பெரிய மனசைப் பாராட்டியிருந்தார்கள். மூன்று மெழுகுவத்தி வைத்துப் பார்த்தோம், சீட்டில் இருப்பதுதான் சரி என்றும் எழுதியிருந்தார்கள்.

பேராசிரியர் கடிதக் கட்டோடு நேராகப் பைண்டிங் மேஜைக்கு வந்தார்.

"இந்தச் சீட்டை யார் வைத்தது?"

கூட வந்த முதலாளி அப்போதுதான் ஒரு புத்தகத்தைத் திறந்து சீட்டைப் படித்தார். நான் எழுந்தேன். "நான்தான் சார் ஒட்டினேன். பசை நான் காய்ச்சினது."

"படித்துப் பார்த்தாயா?"

"கூட்டிக் கூட்டிப் படிச்சேன். அரைமணி ஆச்சு. வேலையை விட்டு எடுக்கறதுன்னா எடுங்க. சீட்டுல இருக்கறது நான் கண்ணால பார்த்தது."

அவர் அலமாரியில் இருந்த ஊறுகாய் பாட்டிலைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். அவரே ஏற்றினார், அவரே கவிழ்த்தார். ஒன்று வைத்து ஒருமுறை, மூன்று வைத்து ஒருமுறை. குனிந்து விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியில் சிவப்பு மை பட்டது, துடைக்கவில்லை. "இரண்டாம் பதிப்பில் சீட்டில் உள்ளபடியே போடுங்கள். அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

பக்கத்தைப் புதிதாகக் கோத்தார்கள். இந்தத் தடவை மெஷின் அண்ணன், முதலாளி கையெழுத்துக்கு ஏற்ற மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதனால் புரூஃபை என்னிடம் கொடுத்து, "கையெழுத்து வாங்கிக்கினு வா. திங்கட்கிழமையிலேருந்து வேலைக்கு வரலாம்னு சொல்லு" என்று அனுப்பினார் முதலாளி.

அக்கா தன் வரிகளை அச்சில் பார்த்தார். ஒருதரம் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"நீ செய்" என்றார்.

"நீங்க எழுதினதுதானேக்கா?"

"நான் எழுதினதுன்னா? நான் படிக்கிறேன், நீ அதுல இருக்கிறபடி மட்டும் செய்."

அவர் வீட்டு பாட்டிலிலும் கீற்று ஒட்டினோம். ஒரு மெழுகுவத்தி. நான் எதையும் அவசரமாகச் செய்கிறவள் இல்லை. சுடர் அணைந்துவிடப் போகிறதே என்று பாட்டிலை மெதுவாக, மெதுவாக இறக்கினேன். சுடர் அணைந்தது, தண்ணீர் ஏறியது. ஐந்தில் ஒரு பங்குக் கோட்டைத் தாண்டிப் போனது. மூன்று மெழுகுவத்தியில் ஏறவேண்டிய அளவு ஒன்றிலேயே ஏறிவிட்டது.

இவ்வளவு பாடுபட்டு, வேலை போய், ஆயிரம் சீட்டு ஒட்டி, கடைசியில் என் கையால் கெட்டுப்போனதே என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நீ மெதுவா இறக்கினதுல பாட்டில் காத்து முன்னாடியே சூடாயிடுச்சு. சூடுதான் காரணம்னு இன்னும் நல்லாத் தெரியுது. ஆனா எப்படிக் கவிழ்க்கணும்னு நான் எழுதவே இல்லை பாரு. ரெண்டு தரமும் ஒரே வேகத்துல கவிழ்க்கணும். அதைப் போடாம விட்டா, படிக்கிறவங்க செஞ்சு பார்த்துட்டு என்னைத் திட்டுவாங்க. திட்டணும்."

தன் வரியைத் தானே அடித்தார். புதிதாக ஒன்று எழுதினார். கீழே கையெழுத்து இடத்தை வெறுமையாக விட்டார்.

"போடலையாக்கா? வேலைக்குக் கூப்பிடறாங்களே."

"திங்கட்கிழமை வரேன்னு சொல்லு. மாத்திக் கோத்து வைக்கட்டும், அங்கேயே செஞ்சு பார்த்துட்டுப் போடறேன். அதுவரைக்கும் ஏத்தக் கூடாது."

நான் அச்சகத்துக்குத் திரும்பியபோது மெஷினில் காகிதம் அடுக்கித் தயாராக இருந்தது. முதலாளி வாசலுக்கே வந்தார்.

"போட்டாளா?"

"போடலை."

"ஏன்? அவ எழுதினதுதானே அது?"

"அது தப்பாம். அவங்களே அடிச்சிட்டாங்க. திங்கட்கிழமை வந்து பார்த்துட்டுத்தான் போடுவாங்களாம்."

முதலாளி புரூஃபை வாங்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. திட்ட வாயைத் திறந்தவர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார், கம்போசிட்டரைப் பார்த்தார்.

மெஷின் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை அணைத்தார். "திங்கட்கிழமைன்னா திங்கட்கிழமைதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.